கப்பலுக்குள் தண்ணீர் வந்தால் யார் அள்ளுவது?

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் ஆளைக் காணவில்லையே, உடம்புக்கு ஏதுமோ என்று சிலர் விசாரித்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மகளின் கல்யாணம் ஒரு காரணம். மற்றது... நான் கப்பல் படித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வயதில் எதற்குக் கப்பல்? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் கிணற்றடித் தொட்டி நிறையத் தண்ணீர். அதில் என் மனைவி வசந்தியின் சோற்றுப் பானை மிதந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அலவாங்கு, அந்த இரும்புக் கடப்பாரை, தாழ்ந்து கிடந்தது. நான் குனிந்து நின்று, பானையையும் அலவாங்கையும் மாறி மாறிக் கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

குசினி வாசலில் வசந்தி வந்து நின்றாள்.

"உலை வைக்கப் பானையைத் தேடுறன். நீங்கள் என்ன செய்யிறியள்?"

"கப்பல் ஏன் மிதக்குது எண்டு உம்மடை அண்ணைக்கு விளங்கப்படுத்துறன்."

"விளங்கிச்சுதாமோ?"

"பானை விளங்கிட்டுதாம். அலவாங்கிலைதான் அவருக்குச் சந்தேகம்."

அவள் பானையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆக, எங்கள் வீட்டுக் கடலில் அன்று மிஞ்சியது அலவாங்கு மட்டும்.

அண்ணை என்று நான் சொன்னது குலேந்திரனை. வசந்தியின் ஒரே தமையன். எனக்கு மச்சான். சண்டைக் காலத்தில் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு மாதகல் கரையில் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனவர். நிலைமை கொஞ்சம் சரிவந்ததும் திரும்புவேன் என்று சொல்லிப் போனார். முப்பது வருடத்துக்கு மேலாகியும் நிலைமை அவருக்குச் சரிவரவில்லை. திருச்சிப் பக்கம் ஒரு முகாம். பெயின்ட் அடிக்கும் வேலை. தெல்லிப்பழையில் வெங்காயம் நட்ட கை, அங்கே மற்றவர்களின் மாடி வீடுகளுக்கு நிறம் பூசியது. அந்தக் கைக்குழந்தை வளர்ந்து, கோயம்புத்தூரில் வேலை எடுத்து, இப்போது தானும் ஒரு கைக்குழந்தைக்குத் தகப்பன்.

எங்கள் மகள் துளசிக்குக் கல்யாணம் சரிவந்தபோது மச்சான் ஒரு முடிவெடுத்தார். வருகிறேன், வந்தால் இனிப் போகமாட்டேன் என்றார். நாங்கள் வளவின் மேற்குப் பக்கம் அவருக்கும் அவருடைய மனைவி ரதியக்காவுக்கும் ஒரு அறையும் குசினியும் கட்டினோம். பேப்பர்களும் சரிவந்தன. எப்படி வருவது என்பது மட்டும்தான் பாக்கி.

"பிளேனிலை வாங்கோ அண்ணை. ஏறி இருக்க முந்திப் பலாலி வந்திடும்" என்றாள் வசந்தி.

"பிளேனிலை வந்து இறங்கினால் நான் வெளிநாட்டாலை வாற ஆள் மாதிரி இருக்கும் பிள்ளை. நான் வீட்டையெல்லோ வாறன். கடலாலை போனனான், கடலாலை வாறன். நாகபட்டினத்தாலை இப்ப கப்பல் ஓடுதுதானே?"

நல்ல பேச்சு. வசந்தி கண்ணைத் துடைத்தாள். நானும் கொஞ்சம் கலங்கினேன்.

மறுநாள் பின்னேரம் முதல் கேள்வி வந்தது.

"மச்சான், ஒரு ஊசியைத் தண்ணியிலை போட்டால் தாழுதுதானே?"

"ஓம்."

"ஊசியும் இரும்பு. கப்பலும் இரும்பு. அப்ப கப்பல் ஏன் தாழேல்லை?"

இந்தக் கேள்வியை நீங்களும் சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். யாரோ ஒருவர் ஏதோ ஒரு பதில் சொல்லியிருப்பார். விளங்கியதுபோலத் தலையாட்டிவிட்டு விளையாடப் போயிருப்பீர்கள். மச்சானுக்கு விளையாடப் போகும் வயதில்லை. எனக்குத் தலையாட்டிவிட்டுத் தப்பவும் வழியில்லை. நான் வாத்தியார் அல்லவா? ஆனால் நான் படிப்பித்தது வர்த்தகம். ஒரு கம்பனி எப்படி மூழ்கும் என்று கேட்டால் விலாவாரியாகச் சொல்லுவேன். கப்பல் எப்படி மூழ்காமல் இருக்கிறது என்பது என் பாடத்திட்டத்தில் இல்லை.

யூடியூப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சொன்னேன்: "ஊசி முழுக்க இரும்பு மச்சான். கப்பல் அப்பிடியில்லை, உள்ளுக்கை வெறுமை. தண்ணிக்குள்ளை இறங்கேக்கை தன்ரை உடம்பு அளவுக்குத் தண்ணியைத் தள்ளுது. தள்ளின தண்ணியின்ரை பாரமும் கப்பலின்ரை பாரமும் சமனா வாற இடத்திலை இறங்கிறது நிக்கும். அவ்வளவுதான் மிதக்கிறது."

"தள்ளின தண்ணி கோவத்திலை திருப்பித் தள்ளுது எண்டு சொல்லுறீர்."

"கிட்டத்தட்ட."

"சரி. நாளைக்குக் கதைப்பம்."

நாளைக்கும் கதைத்தோம். அதற்கு அடுத்த நாளும். மச்சான் வேலை முடிந்து, முகம் கழுவி, முகாமின் வேப்பமரத்தடிக்கு வந்ததும் என் கைபேசி அடிக்கும். சாமான் ஏற்ற ஏற்றக் கப்பல் இறங்குமே, எங்கே நிற்பாட்டுவது என்று யாருக்குத் தெரியும்? (பக்கத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அது தண்ணிக்குள் போகக்கூடாது.) அந்தக் கோட்டை யார் பார்ப்பது? இவ்வளவு உயரமான சாமான் ஏன் சரிந்து விழவில்லை? (பாரமானதெல்லாம் அடியில் இருக்கும். சரித்தால் நிமிரும்.) எல்லாரும் ஒரு பக்கம் போய் நின்றால்? கப்பலை விட அலை பெரிதாக இருந்தால்? அடியில் ஓட்டை விழுந்தால்? (உள்ளே அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். ஒரு அறைக்குள் தண்ணீர் வந்தாலும் மற்றவை தாங்கும்.)

நான் சளைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், பின்னேரங்களை எதிர்பார்க்கவும் தொடங்கியிருந்தேன். ஓய்வுபெற்ற வாத்தியாரை யார் கேள்வி கேட்கிறார்கள்? சொந்தப் பிள்ளையே கூகிளைத்தான் கேட்கிறது. யாரும் யாரையும் கேள்வி கேட்காத இந்தக் காலத்தில், தினமும் ஒருவர் நம்பிக் கேட்கிறார் என்றால் சும்மாவா?

ஒருநாள் கேட்டார்:

"மச்சான், எல்லாம் சரி. கப்பலுக்குள்ளை தண்ணி வந்தால் ஆர் அள்ளுறது?"

"ஆரும் அள்ளத் தேவையில்லை. பம்ப் இருக்கு. மெஷின். அதுவா இறைக்கும்."

"மெஷின் களைச்சால்?"

"மெஷின் களைக்காது மச்சான்."

"களைக்காத சாமான் ஒண்டு இருக்கோ?" என்றார். பிறகு, "சரி, வையும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் கேள்வி வரவில்லை. அதற்குப் பதில் ரிக்கற் எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. என் விளக்கம் வேலை செய்துவிட்டது என்று நான் நினைத்தேன். வசந்தியிடம் கொஞ்சம் பெருமையாகவும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

குறித்த நாளில் நாங்கள் காங்கேசன்துறைக்குப் போனோம். வசந்தி விடிய எழும்பிப் புட்டவித்து, அண்ணைக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியலும் செய்து கட்டியிருந்தாள். ஒரு வாடகை வானும் பிடித்திருந்தோம். துறைமுக வாசலுக்கு வெளியே நின்றால் கப்பலின் மேல்பாதி தெரியும். சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தி, வெள்ளையாக, அமைதியாக, ஒரு குறையுமில்லாமல் மிதந்துகொண்டு வந்து சேர்ந்தது.

ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். வேளாங்கண்ணிக்குப் போய் வந்தவர்கள், புடவைப் பொதிகளோடு வந்தவர்கள், கோயில் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர். எல்லாரும் வந்தார்கள். வாசல் வெறுமையானது.

கைபேசி அடித்தது. மச்சான்.

"மச்சான், கப்பல் வெளிக்கிடேல்லை. காலநிலை சரியில்லையாம். காத்தாம். வீணா வந்து மினைக்கெடாதேங்கோ."

நான் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாசகர்களே, இந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? என் வாயில் வந்தது இதுதான்:

"ஓமோம்... இஞ்சையும் காத்துத்தான்."

வேலியில் கட்டியிருந்த கொடி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வசந்தி கையை நீட்டிக் கைபேசியை வாங்கினாள்.

"அண்ணை... சாப்பிட்டியளோ?" என்று கேட்டாள். "சரி. காலநிலை சரிவரட்டும்" என்றாள். வைத்தாள். பிறகு வானுக்குள் போய் இருந்து, புட்டுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டாள்.

பின்னேரம் ரதியக்கா தனியாகக் கைபேசியில் எடுத்தா. குரலைத் தாழ்த்திக் கதைத்தா.

"தம்பி, நீங்கள் கோவிக்காதேங்கோ. கப்பல் வெளிக்கிட ஆயத்தமாத்தான் நிண்டது. நாங்கள் எல்லாச் சோதனையும் முடிச்சு, கப்பலுக்கு ஏறுற படியடிக்குப் போனனாங்கள். அதிலை நிண்டிட்டார். பின்னாலை சனம் நிக்குது. ஒரு காலைத் தூக்கி வைச்சார், எடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, ரதி, நீ போ, நான் பிறகு வாறன் எண்டார். நான் எப்பிடித் தனியப் போறது?"

அப்போதுதான் அந்தக் கதையை எனக்குச் சொன்னா. இத்தனை வருடத்தில் எங்கள் யாருக்கும் தெரியாத கதை.

மாதகலில் ஏறிய வள்ளம் பெரிதல்ல. ஏற்றிய சனமோ வள்ளத்துக்கு மேலே. நடுக்கடலில் அலையடித்துத் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கிவிட்டது. ஓட்டி ஒரு வெறும் பால்மாத் தகரப் பேணியை எடுத்து மச்சானிடம் எறிந்திருக்கிறான். இன்னொருவரிடம் ஒரு வாளி. இரண்டு பேரும் இறைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வாளி வைத்திருந்தவருக்குக் கை விறைத்துவிட்டது. வாளியும் கடலோடு போய்விட்டது. மற்றவர்களுக்கு அசைய இடமில்லை. அசைந்தால் வள்ளம் சரியும். ரதியக்கா இடுப்பளவு தண்ணீரில் குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி. மச்சான் மட்டும் அந்தப் பேணியால் இறைத்துக்கொண்டே இருந்தார். கோடியக்கரை தெரிந்த பிறகும் இறைத்தார். ஆட்கள் எல்லாம் இறங்கிய பிறகும் வள்ளத்துக்குள் நின்று இறைத்துக்கொண்டிருந்தாராம். கையைப் பிடித்து நிற்பாட்ட வேண்டியிருந்தது.

"அதுக்குப் பிறகு கடல்பக்கம் போகவே மாட்டார் தம்பி. முகாம் சனத்தோடை வேளாங்கண்ணிக்குப் போனாலும் பஸ்ஸுக்குள்ளையே இருப்பார். நித்திரையும் அப்பிடித்தான். கண்ணயர்ந்த உடனை திடுக்கிட்டு எழும்பி நிலத்தைத் தடவிப் பார்ப்பார்."

"அப்ப ஏன் அக்கா கடலாலைதான் வருவன் எண்டு நிக்கிறார்? பிளேனிலை வரலாம்தானே?"

"அதைத்தான் நானும் கேட்டனான். கடலிட்டைத் தோத்துப்போய் மேலாலை பறந்து வரச் சொல்லுறியோ எண்டு கேக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?"

நான் வைத்துவிட்டு முற்றத்தில் கொஞ்ச நேரம் நடந்தேன். ஒரு மனிதர் நாள்தோறும் என்னிடம் வந்து ஒரே கேள்வியை வேறு வேறு சட்டை போட்டுக் கேட்டிருக்கிறார். நானோ பானையை மிதக்கவிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

வசந்தியிடம் சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கேட்டு முடியும்வரை துருவினாள். சிரட்டையைக் கீழே வைத்தாள்.

"நீங்கள் விளங்கப்படுத்தினது காணும்" என்றாள். "நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

"எப்பிடி?"

"கப்பலிலை."

வசந்தி அதற்கு முன் கடலில் கால் வைத்தது கீரிமலையில், ஆடி அமாவாசைக்கு, அதுவும் கணுக்கால் நனைய. போன வருடம் சிதம்பரம் போனபோது எடுத்த இந்திய விசா எங்கள் இருவருக்கும் இன்னும் செல்லும். கல்யாணத்துக்கோ ஒரு கிழமைதான் இருந்தது. கல்யாணப் பலகாரம் சுட வந்திருந்த சொந்தக்காரர்கள் வாயைப் பொத்தினார்கள். கல்யாண வீட்டுத் தாயும் தகப்பனும் கப்பலேறுகிறார்களாம்! மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வது?

துளசிதான் முடித்துவைத்தாள். "போட்டு வாங்கோ அம்மா. மாமா கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகாமல் நான் மணவறைக்குப் போகமாட்டன். அதை மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லுங்கோ."

போனோம். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் காலம். கப்பலுக்குள் ஏசி, மெத்தை வைத்த இருக்கை, முன்னால் ஒரு டிவி. ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு பை சொருகியிருந்தார்கள். அது எதற்கு என்று கரை மறைந்த பிறகு விளங்கியது. போகும் வழி முழுக்க நான் அந்தப் பைக்குள் முகத்தை வைத்திருந்தேன். கப்பல் ஏன் மிதக்கிறது என்று தெரிந்தவன் வாந்தியெடுத்தான். தெரியாதவள் பக்கத்தில் இருந்து தோசைப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டாள்.

நாகபட்டினத்தில் மச்சானும் ரதியக்காவும் துறைமுக வாசலில் நின்றார்கள். நாங்கள் வருவதை ரதியக்காவுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தோம். ரிக்கற்றை மாற்ற வேண்டும் என்று சொல்லி அவ அவரைக் கூட்டி வந்திருந்தா. மச்சான் கடலுக்கு முதுகு காட்டி நின்றார். வசந்தி போய்த் தோளில் தொட்டாள். திரும்பினார்.

"எப்பிடி வந்தனி?"

"கப்பலிலை."

"தண்ணி வந்ததோ?"

"அவருக்கு வந்தது. வாயாலை."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் நின்ற நிலையைப் பார்த்ததும் அவருக்கு என்மேல் ஒரு மரியாதை வந்ததுபோல் இருந்தது. இத்தனை நாள் விளக்கத்துக்கு வராத மரியாதை.

காற்று அடங்காததால் இரண்டு நாள் கப்பல் ஓடவில்லை. இந்த முறை உண்மையாகவே காலநிலை. தெல்லிப்பழையில் இருந்து சொந்தக்காரர்கள் மாறி மாறி எடுத்தார்கள். நாள் குறைந்துகொண்டே வந்தது. வசந்தி லொட்ஜ் அறையில் அண்ணைக்குப் பக்கத்தில் இருந்து கல்யாணச் சாமான் கதை மட்டும்தான் கதைத்தாள். கடலைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூன்றாம் நாள் காலை கப்பல் போகும் என்றார்கள்.

துறைமுகத்தில் பைகளை மெஷினுக்குள் அனுப்பினார்கள். மச்சானின் கைப்பையை மட்டும் தனியே எடுத்து வைத்தார் சுங்க அதிகாரி. திறந்தார். உள்ளே ஒரு சாரம், ஒரு துவாய், மருந்துகள். அவற்றுக்கு அடியில், ஒன்றுக்குள் ஒன்றாக, குளியலறையில் பாவிக்கும் பிளாஸ்டிக் மக் நான்கு. புதிது. விலைச் சீட்டுக்கூடக் கழற்றவில்லை.

"நாலு மக் எதுக்கு சார்?"

"நாலு பேர்" என்றார் மச்சான்.

"இல்ல சார், எதுக்குன்னு கேக்கறேன்."

"தண்ணி அள்ள."

"கப்பல்ல பாத்ரூம்ல எல்லாமே இருக்கு சார்."

"பாத்ரூமுக்கு இல்லை."

அதிகாரி மக்கைப் பார்த்தார். மச்சானின் முகத்தைப் பார்த்தார். பேப்பரில் இருந்த முகாம் விலாசத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, நான்கையும் முன்போலவே ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, பையை மூடி, இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தார்.

"பாத்துப் போயிட்டு வாங்க சார்."

படியடி வந்தது. மச்சான் நின்றுவிட்டார். அதே இடம். பின்னால் சனம். ரதியக்கா கண்ணை மூடிக்கொண்டா. நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று யோசித்தேன். தள்ளிய தண்ணீரின் பாரம் என்றெல்லாம் நாக்கில் வந்தது. நல்லவேளை விழுங்கிவிட்டேன்.

வசந்தி அண்ணையின் கையில் இருந்த பையை வாங்கித் தன் தோளில் கொழுவினாள். திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று ஏறி உள்ளே போய்விட்டாள்.

"எடி... பை" என்றார் மச்சான்.

அவள் நிற்கவில்லை. மச்சான் கப்பலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தங்கச்சி கப்பலுக்குள், மக் நான்கும் அவளிடம். இறைக்கத் தெரிந்த ஆள் வெளியே. அது சரியில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ஒரு காலைத் தூக்கி வைத்தார். மற்றதையும் வைத்தார்.

கரை விலகியதும் பையைத் திறந்து ஆளுக்கொரு மக் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. ரதியக்கா கோயிலில் பிரசாதம் வாங்கியதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தா. பக்கத்து இருக்கைக் குடும்பம் எங்களை ஒரு முறை பார்த்துவிட்டு டிவியைப் பார்க்கத் தொடங்கியது.

நடுக்கடல். கப்பல் ஆடத் தொடங்கியது. ஒவ்வொரு முறை சரியும்போதும் மச்சான் எழும்புவார். குனிந்து தரைவிரிப்பைத் தடவுவார். ஈரமில்லை என்று கண்டு இருப்பார். மறுபடி சரியும். மறுபடி எழும்புவார். கப்பல் ஊழியர் ஒருவர் வந்து, "ஐயா, விழுந்திருவீங்க, உக்காருங்க" என்று இருத்திவிட்டுப் போனார். இருத்திய கையோடு எழும்பினார். மக்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளிறிப்போயிருந்தன. மூச்சு வேறு மாதிரி வாங்கத் தொடங்கியிருந்தது. நான் எழும்பலாம் என்றால் என் நிலைமை உங்களுக்குத் தெரியும்.

வசந்தி எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"அண்ணை, அண்டைக்கு வள்ளத்திலை ஆர் இறைச்சது?"

அவர் அதிர்ந்து பார்த்தார். பிறகு ரதியக்காவைப் பார்த்தார். ரதியக்கா தன் மக்குக்குள் பார்த்துக்கொண்டு இருந்தா.

"நான்தான்."

"வேறை ஆர்?"

"வேறை ஆரடி இருந்தது? ஆரும் இல்லை."

"அண்டைக்கு நான் வரேல்லைத்தானே. இண்டைக்கு வந்திருக்கிறன். உதைத் தாங்கோ." அவர் கையில் இருந்த மக்கை விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள். "இனி நான் பாக்கிறன். தண்ணி வந்தால் நான் இறைக்கிறன். எனக்கு ஏலாமல் வந்தால் உங்களை எழுப்புறன். நீங்கள் கொஞ்சம் படுங்கோ."

தண்ணீர் வராது என்று அவள் சொல்லவில்லை. அதைக் கவனியுங்கள். நாங்கள் எல்லோரும் இத்தனை நாளும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தோம்?

மச்சான் அவளையே பார்த்தார். "எழுப்புவியோ?"

"ஓம்."

"பயத்திலை மறந்துபோகாதை."

"எழுப்புறன் எண்டு சொல்லுறன் அண்ணை."

அவர் யன்னல் பக்கம் தலையைச் சாய்த்தார். கண் மூடியது, திறந்தது. தரையைப் பார்த்தது. தங்கச்சியைப் பார்த்தது. மூடியது.

பிறகு திறக்கவில்லை.

வசந்தி சும்மா சொன்னாள் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. இரண்டு கையிலும் இரண்டு மக்கோடு நிமிர்ந்து இருந்து, கண்ணை எடுக்காமல் தரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் குடிக்கவில்லை. என்னை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் என் மக்கைப் பாவித்துவிட்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள், பை முடிந்துவிட்டது.

காங்கேசன்துறை வந்தது. சனம் எல்லாம் இறங்கிவிட்டது. மச்சான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஊழியர் வந்து நின்றார். "கொஞ்சம் பொறுங்கோ தம்பி" என்றாள் வசந்தி. அவரும் பொறுத்தார்.

ரதியக்கா என் காதருகே குனிந்தா. "தம்பி, இவருக்குக் குறட்டை வரும் எண்டு எனக்கே மறந்துபோச்சு."

கடைசியில் வசந்திதான் தோளில் தட்டினாள். அவர் திடுக்கிடவில்லை. மெதுவாகக் கண்ணைத் திறந்தார்.

"தண்ணி?"

"வரேல்லை."

"எவ்விடத்திலை நிக்கிறம்?"

"காங்கேசன்துறை."

யன்னலால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைத் தேடினார்.

கல்யாணம் இரண்டு நாள் கழித்துச் சிறப்பாக நடந்தது. மாமன் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப் போனார். அதற்குப் படங்கள் இருக்கின்றன, வீடியோவும் இருக்கிறது. யாரும் படம் எடுக்காத ஒரு விடயத்தைத்தான் நான் இங்கே எழுத நினைத்தேன். அது துறைமுகத்தில், குடிவரவு மேசையில் நடந்தது.

மேசையில் ஒரு சிங்களப் பெண் அதிகாரி இருந்தார். படித்துப் பழகிய தமிழில் ஆறுதலாகக் கதைத்தார். மச்சானின் பேப்பர்களைப் புரட்டினார். ஊர் தெல்லிப்பழை என்றிருந்தது. விலாசம் இந்தியா என்றிருந்தது. வந்த நோக்கம் என்ன என்று கேட்டார். மருமகளின் கல்யாணம் என்றார் மச்சான். அதிகாரி சிரித்து, வாழ்த்துச் சொல்லி, முத்திரையைக் கையில் எடுத்தார்.

"ஐயா எப்போ திரும்புறது?"

மச்சான் யோசிக்கவே இல்லை.

"திரும்பீட்டன்" என்றார்.

முத்திரை விழுந்தது. எனக்குக் கீழே கரை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.